அச்சா சொன்னவர்கள்

துபாயில், தேராவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். கேம்ப்களில் தங்கியிருக்கும் தொழிலாளிகளின் வழக்குகள் சிலவற்றை எங்கள் வக்கீலம்மா இலவசமாக நடத்துவார். அப்படி வந்தவர்தான் அந்த ராமநாதபுரத்துக்காரர். ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பியைத் திருடியதாகக் கம்பெனி அவர் மேல் புகார் கொடுத்திருந்தது. விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டதாக ஒரு தாள் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

"நான் எடுக்கல மேடம். எது காணாமப் போனாலும் எங்களத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன்.

"நீங்க கம்பெனி ஆளா?" என்று கேட்டார்.

எனக்கும் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. அதே கம்பெனி கொடுத்த பழைய புகார்களின் கோப்புகள் எங்களிடம் இருந்தன. எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றினேன்: தாய்மொழி, விசாரித்த மொழி, ஒப்புக்கொண்டாரா இல்லையா. உண்மையில் அவர் பொய்யைப் பிடிக்கத்தான் தொடங்கினேன். மொழிவாரியாக அடுக்கியதும் கை நின்றுவிட்டது. விசாரணை எல்லாமே இந்தியில். இந்தி தெரிந்தவர்கள் அனைவரும் மறுத்திருந்தார்கள். ஒப்புக்கொண்டவர்கள் எல்லோரும் தமிழர்கள், ஒரு சிங்களவரைத் தவிர.

மறுநாள் அவரை வரச்சொல்லி, 'நீதான் எடுத்தாயா' என்று இந்தியில் கேட்டேன்.

"அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

"நான் என்ன கேட்டேன்?"

"தெரியலையே. சூப்பர்வைசர் பேசுனா அச்சான்னு சொல்லணும், இல்லாட்டி கோவிச்சுக்குவாரு. தாள நீட்டுனப்பவும் அச்சான்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

வக்கீலம்மா அட்டவணையை உடனே நம்பிவிடவில்லை. "வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்ததாச் சொல்வாங்க. ஒரு கோப்புகூட விட்டுப்போகலையே?" மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு அதை இணைத்து, தமிழில் மறுவிசாரணை வேண்டும் என்று மனு போட்டார்.

கம்பெனி காரணம் எதுவும் சொல்லாமல் புகாரைத் திரும்பப் பெற்றது. ராமநாதபுரத்துக்காரர் அழுதார். எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே மிஞ்சியது. இவ்வளவு சுலபமாக ஏன் விட்டார்கள்? கம்பியை எடுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ?

முன்பு கையெழுத்துப் போட்டவர்கள் ஏற்கெனவே ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கும் தகவல் சொல்லலாம் என்று போன் செய்தேன். பெரும்பாலான எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்றை மட்டும் ஒரு பெண் எடுத்தாள். துபாயிலிருந்து, வழக்கு விஷயமாக என்றேன்.

"அவரு இங்க இல்லங்க" என்றாள். பின்னால் ஓர் ஆண் குரல், யார் என்று மெல்லக் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.