பதினோரு ஒன்றுகள்

கல்லூரியில் எண்ணியல் எடுத்த மேடம் ஒருநாள் கரும்பலகையில் வரிசையாகப் பதினோரு ஒன்றுகளை எழுதினார். "இது பகா எண் இல்ல. இதை வகுக்கிற பகா எண் எதுவானாலும், அதை இருபத்திரண்டால வகுத்தா மீதி ஒன்னு வரும். அது எதுன்னு போனைப் பாக்காம நீங்களே கண்டுபிடிங்க," என்றார். மற்றவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். எனக்கும் என் தோழிக்கும் அது பிடித்துக்கொண்டது.

இருவருக்கும் பள்ளத்தூர். காரைக்குடி பஸ்ஸில் ஒரே சீட். இருபத்து மூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது... ஒரு எண்ணால் நான் வகுத்துப் பார்ப்பேன், அடுத்ததால் அவள். பஸ் குலுங்கினால் எழுத்து கோணிக்கொள்ளும். எப்போதும் ஏதோ மீதி நின்றது. அதற்காக வருத்தப்பட்டதில்லை. நாளைக்கும் பஸ் உண்டே.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. அப்போது நாங்கள் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தோம். கிளம்பும் அன்று கூட்டத்துக்கு நடுவே என் கையைப் பிடித்து, "நீ விட்டுராதடி," என்றாள்.

நான் விடவில்லை. கொத்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் பங்கையும் சேர்த்து நானே வகுத்தேன். ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், 21649-ல் மீதி பூஜ்யம் வந்தது. நம்பாமல் மறுபடி போட்டேன். ஈவு 513239. அதை இருபத்திரண்டால் வகுத்தாலும் மீதி ஒன்று. நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து டீச்சர் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். வெளியே வந்து அவளைக் கூப்பிட்டேன்.

"ஏய், நம்ம எண்ணு..."

"சொல்லாதடி! அல்லாவுக்காகச் சொல்லாத. நானும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பன்னெண்டாயிரத்துக்கிட்ட வந்துட்டேன். அவுக வேலைக்குப் போனதும் அடுப்படியில நின்னே போடுவேன். அதுவும் இல்லாட்டி எனக்கு இங்குட்டு வேற என்னடி இருக்கு?"

அதன்பின் பேசும்போதெல்லாம் எதுவரை வந்திருக்கிறாள் என்று சொல்வாள். "இன்னும் தூரமா?" என்பாள். நான் வாயைத் திறக்கமாட்டேன். இருபதாயிரத்தை நெருங்கிய சமயம் குழந்தை பிறந்தது. எண்களைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

போன நோன்பு மாதத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு, "வகுபட்டுருச்சுடி!" என்று கத்திச் சிரித்தாள். கூடவே குழந்தையின் அழுகை.

உடனே கூப்பிட்டேன். இரண்டு, ஒன்று, ஆறு, நான்கு, ஒன்பது என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம். அவள் அழுதாள், நானும்தான். அப்புறம் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"எப்ப வர்றே?"

"அவுகளுக்கு லீவு கெடைக்கணும்டி. பிள்ளை அழுகுறான், வைக்கிறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அந்த எண் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று தோன்றியது.