கருவாட்டுத் தண்ணீர் குடித்த தக்காளி

ஒரு தக்காளிச் செடிக்காகப் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் மொட்டை மாடியில் இந்த வெயிலுக்குத் தக்காளி பூக்கும். அத்தனை பூவும் உதிர்ந்துவிடும். வெயில் தாங்கும் என்று வாங்கிய விதையில் ஒரே ஒரு செடிதான் காய் பிடித்தது. பழுத்ததும் விதை எடுக்கக் காத்திருந்தேன். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால், லாரித் தண்ணீரில் அரிசி கழுவி அதைத்தான் ஊற்றி வந்தேன்.

இன்று காலை செடி கருகித் தலை தொங்கிக் கிடந்தது. காய்கள் பச்சையாகவே சுருங்கியிருந்தன. தொட்டி மண்ணில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அக்காவிடம் கேட்டேன்.

"நாந்தாம்ளா நாலஞ்சு நாளா ஊத்துதேன். மீன் தண்ணி செடிக்கு நல்லதுல்லா?"

"அது மீன் கழுவுன தண்ணிக்கா. இது..."

"கருவாடு ஊறவச்ச தண்ணி. கருவாடும் மீன்தான? ஒங்க வீட்லயே மொத டிகிரி நீ, இதுகூடத் தெரியாதா?"

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். "சரிக்கா" என்றேன்.

"ஒரு தக்காளிக்குப் போயி மூஞ்சியத் தூக்குதா பாரு! கடையில கெடக்கு, வாங்கிக்கோ ஏளா."

மதியம் எங்களுக்கும் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டார். தக்காளி நிறையப் போட்டிருந்தார். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

மாசியில் என்னிடம் இதே விதையின் நாற்று வாங்கிப் போனவர்களே, உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு செடி காய்த்திருந்தால், ஒரே ஒரு பழத்தைக் குழம்பில் போடாமல் எனக்கு விதைக்கு எடுத்து வைப்பீர்களா?