ஸ்டார் கட்டாத வீடு

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சரிவில் அக்காவின் வீடு தெரியும். நடுவில் ஒரு கேரட் தோட்டம், ஒரு ஓடை. நடந்தால் கால் மணி நேரம். பதினோரு வருஷமாக நான் நடக்கவில்லை.

டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த கிறிஸ்தவர் ஒருவரை அவள் கல்யாணம் செய்துகொண்ட மாதம், என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வராமலே நின்றுவிட்டார்கள். அப்புறம் வந்தவர்களும் அக்காவைப் பற்றி விசாரித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். என் கோபத்துக்கு மதம் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

டிசம்பர் பிறந்தால் அவள் வீட்டு வாசலில் சிவப்புக் காகித ஸ்டார் எரியும். பொழுது சாய்ந்ததும் அம்மா பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஜன்னலருகே நிற்பாள். பனி வருகிறது என்று சொல்லி நான் ஜன்னலைச் சாத்துவேன்.

ஒரு புரட்டாசியில் அம்மா இறந்தாள். அக்காவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் சந்தையில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

துக்க வீடு என்பதால் அந்தத் தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. உறவுக்காரர்கள்தான் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டிசம்பர் வந்தது. எதிர்ச் சரிவில் ஸ்டார் இல்லை. பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றுகிற அம்மாளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“அவங்களுக்கும் துக்க வருசமில்லீங்களா? பலகாரங்கூட சுடறதில்லைன்னு சொல்லீட்டாங்க,” என்றாள்.

செத்தவள் எனக்கு மட்டும்தான் அம்மா என்பதுபோல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டிய உறவு நான்தான். ஆனால் என் வீட்டிலும் சட்டி வைக்கக்கூடாது. கிறிஸ்துமஸ் அன்று காலையில் பேக்கரியில் மொறுமொறுவென்ற வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன்.

சர்ச்சுக்குப் போய்வந்த சேலையோடு அக்கா கதவைத் திறந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. பொட்டலத்தைப் பார்த்தாள்.

“உங்க ஊட்லயும் சுடலையா?”

“எப்படிச் சுடறது?” என்றேன்.

உட்காரச் சொல்லி டீ போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள். “ஏன் எனக்குச் சொல்லல?”

சித்தப்பா தலையில் பழியைப் போட ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“நாந்தான் வேண்டாம்னேன். படுக்கையில கெடந்தப்ப அம்மா ரெண்டு தடவ உன்னக் கேட்டுச்சு. நீ ஊர்ல இல்லைன்னு சொல்லீட்டேன்.”

அக்கா சத்தமில்லாமல் நெடுநேரம் அழுதாள். நான் அழவில்லை. அவள் முன்னால் அழ எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. டீ ஆறிப்போயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு வர்க்கியை எடுத்து அந்த ஆறிய டீயில் நனைத்தாள்.

“புரட்டாசில திதி வருமில்ல?”

“வரும். சொல்லி அனுப்பறேன்.”

“சொல்லி அனுப்ப வேண்டாம். நீயே வந்து கூட்டீட்டுப் போ,” என்றாள்.