எண்ணெய்க் கம்பெனி மாப்பிள்ளை

விருதுநகரில் எண்ணெய் என்றால் கடலையெண்ணெய், இல்லையென்றால் நல்லெண்ணெய். நான் வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டதும், ஏதோ பெரிய செக்கு ஆலையில் வேலை என்றே பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். அப்பாவும் திருத்தவில்லை.

லீவில் வந்திருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் எங்கள் மேடை இராப்பகலாக அதிர்ந்துகொண்டே இருக்கும்; வீட்டுத் தரை சும்மா கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். அங்கே கப்பலைத் தவறவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கல்யாணம் முடிவானால் வீட்டில் விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

பெண்ணின் அப்பா சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, எண்ணெய் டின் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தார். இது பூமிக்கு அடியிலிருந்து வருகிற எண்ணெய் என்றேன். அவ்வளவுதான், அப்புறம் என் வாய் நிற்கவில்லை. குழாயோடு குழாயைத் திருகிக் கடலின் அடித்தரையைத் துளைப்பது, வாயுவை அமுக்கி வைக்கத் துளைக்குள் கனமான சேற்றைச் செலுத்துவது, சேற்றின் கனம் குறைந்தால் கீழிருந்து வாயு சீறிக்கொண்டு வருவது, எல்லாம் சொன்னேன். அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் நான், படகில் ஏறும்போதே தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுவரை வந்துவிட்டிருந்தேன். பொறி பறக்கக் கூடாதென்று சில வேலைகளுக்குப் பித்தளைச் சுத்தியல்தான் என்றும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுவரைக்கும் எம்புட்டுப் பேரு செத்துருக்காக, தம்பி?"

டின் விலை கேட்ட அதே குரல். நான் சேர்ந்த பிறகு யாரும் இல்லை, ஒருவருக்கு விரல் போனது, அதுவும் அவருடைய கவனக்குறைவு என்றேன்.

"யாரு கேட்டாலும் நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்."

சிவகாசியில் தனக்கு ஓர் அச்சாபீஸும் உண்டு, அங்கே லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் இல்லை, அதை ஏற்றுக்கொண்டால் பெண்ணைத் தருகிறேன் என்றார். "கடலுக்கு மட்டும் போக வேண்டாம்." அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

திங்கட்கிழமை போகிறேன் என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காப்பி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் திரும்பியதும் அப்பா, "ஏலே, ஒரு வருசம் இங்கன இருந்தா கடலு வத்திருமா?" என்றார்.

"கடலு வத்தாதுப்பா. என் எடம் போயிரும்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டுவிடுவாளோ என்றிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ரயிலிலேயே இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.