உச்சி வெயிலில் ஒரு அரிக்கேன் விளக்கு

இல்லடா பேரா, நான் கதை விடல. பட்டப்பகல்லதான் எங்க ஸ்கூல் ஆயா அரிக்கேன் விளக்கை ஏத்தி எடுத்துக்கிட்டு வந்தா. நாடகப் பாடம் நடத்துற டீச்சருக்குப் பாதி நாள் "இது ஏன் இப்படி"ன்னு பிள்ளைங்க கேக்குற சந்தேகத்துக்குப் பதில் சொல்றதுதான் வேலை. அந்த வேலை பார்த்தவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

அறுபதுகள் கடைசி. பம்மல் பக்கம், ஏர்போர்ட்டுக்குக் கிட்டக்க, பொண்ணுங்க ஸ்கூல். எங்க எச்.எம். சொல்லிட்டாங்க: "வெள்ளிக்கிழமை பிள்ளைங்க நடிக்கிறதை நானே வந்து பார்ப்பேன். நாடகம் புரியலன்னா அந்த பீரியட் கணக்குக்குப் போயிடும் டீச்சர்."

இருட்டு

நாடகம் எழுதினவர் நானூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரர். அப்பல்லாம் மத்தியானம்தான் நாடகம். லைட் கிடையாது. ராத்திரின்னா நடிக்கிறவங்க வாயால சொன்னாத்தான் ராத்திரி. அதைப் புரியவைக்க, வேப்பமரத்தடியில மெர்சியை நிக்கவெச்சு, "வாயாலயே இருட்டாக்கு"ன்னேன். மெர்சி சிங்கப்பெருமாள் கோவில்லருந்து ரயில்ல வர்ற பொண்ணு. அவங்கம்மா கட்டிக் குடுக்குற புளிசாதம் இருக்கே, அது தனிக் கதை. அவ கையால துழாவிக்கிட்டு, "ஒண்ணுமே தெரியலையே, யாராவது விளக்கு கொண்டாங்களேன்"னு ஒரே கத்து. ஸ்டோர் ரூம்ல பொண்ணு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு, பின்னாடி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்த ஆயா விளக்கோட ஓடி வந்துட்டா. சுத்திமுத்தும் பார்த்துட்டுச் சொன்னா: "இம்மாம் வெயிலு காயுது, எங்கம்மா கீது இருட்டு?"

ஏரோப்ளேன்

முக்கியமான சேதின்னா நாடகம் எழுதின அந்த மனுஷன் மூணு தடவை, வேற வேற விதமா சொல்லுவார். "பக்கத்தை நிரப்பத்தானே டீச்சர்?"னுச்சுங்க பிள்ளைங்க. "இல்லம்மா, கொட்டகையில ஒரே இரைச்சல், ஒரு தடவை காதுல விழலன்னா..."ன்னு ஆரம்பிச்சேன். தலைக்கு மேல ஏரோப்ளேன் போச்சு. மறுபடி முதல்லேருந்து சொன்னேன். மெர்சி எழுந்தா: "அப்போ அவரு நம்ம ஸ்கூலுக்குத்தான் எழுதியிருக்காரு டீச்சர்."

வெள்ளிக்கிழமை

எச்.எம். சேர் போட்டு உட்கார்ந்தாங்க. மெர்சிக்கு வேலைக்காரி வேஷம். கடுதாசி ஆள் மாறிப் போனதை அவதான் சொல்லணும். அது காதுல விழலன்னா மிச்ச நாடகம் ஒண்ணும் விளங்காது. அவ வாயைத் திறக்கவும் ஏரோப்ளேன் வரவும் சரியா இருந்துது. அவ நிறுத்தவே இல்ல. சத்தம் குறையுறப்போ, "தங்கச்சிக்கு எழுதினது அக்கா கையில"ன்னா. முழுசா அடங்கினதும், "யாருக்குத் தெரியக்கூடாதோ அவங்ககிட்டயே குடுத்துட்டேனே"ன்னா. ரெண்டும் நான் எழுதிக் குடுக்காத வரி. எச்.எம். சேரை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. முடிஞ்சதும் மெதுவா சொன்னாங்க: "பீரியட் உங்களுக்கே இருக்கட்டும் டீச்சர். கணக்கு டீச்சர்கிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க, எனக்குப் பயமா இருக்கு."

மொத்தத்துல, அந்தப் பாடத்தை நடத்தினது ஒரு ஆயாவும் ஒரு ஏரோப்ளேனும். நல்ல டீச்சர்னு பேர் வாங்கினது நான்.

இன்னும் சிரிக்கிறான் பாரு உன் பிள்ளை. ஸ்டெல்லா, ஆயா ரிடையர் ஆனப்போ என்கிட்ட குடுத்துட்டுப் போன அரிக்கேன் விளக்கு பரண்மேல இருக்கு, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா.