சுடுகாட்டில் நின்ற ஸ்கூட்டர்

என் ஸ்கூட்டர் தீப்பிடிக்கலாம் என்று எனக்குச் சொன்னது என் செல்போன்தான். சத்துணவுக் கூடத்தில் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்த நேரம். இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. எவனோ லோன் தருகிறான் என்று அழிக்கப் போனேன். வண்டியின் பெயர் கண்ணில் பட்டதால் ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தம்மா ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு ஜன்னலோரம் நின்ற என் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை உள்பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். நான் வாங்கியிருந்த மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியில் ஏதோ கோளாறு. அந்த ரக வண்டிகளையெல்லாம் கம்பெனி திரும்ப அழைத்துப் புது பேட்டரி மாற்றித் தருமாம், இலவசமாக. ஆனால் பேட்டரி வந்து சேரும்வரை வண்டியை வீட்டுக்குள்ளோ வீட்டை ஒட்டியோ நிறுத்தக் கூடாது. வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நிழலான, குளிர்ச்சியான, காற்றோட்டமான இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். ஆனி பிறந்தும் வெயில் இறங்காத அருப்புக்கோட்டையில் அப்படி ஓர் இடம் இருந்தால் முதலில் நாங்களல்லவா போய்ப் படுத்திருப்போம்!

ஓட்டலாமா என்று ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"தாராளமா ஓட்டலாம் மேடம். ஓடும்போது ஒண்ணும் ஆகாது. நிக்கும்போதுதான் பாத்துக்கணும்."

ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்தில்லை, சும்மா நிறுத்தி வைத்தால்தான் உள்ளுக்குள் சூடேறும். இதைக் கேட்டதும் வண்டிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாசம்தான் வந்தது. நானும் அந்த ரகம்தான்.

எனக்கு வேலை திருச்சுழி வட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் 'சத்துணவு டீச்சர்' என்பார்கள். பாடம் நடத்தாமலே கிடைத்த பட்டம். பஸ்ஸில் போனால் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே வெயிலில் நடந்து போக வேண்டும். பல வருஷம் அப்படித்தான் நடந்தேன். என் வீட்டுக்காரரிடம் ஒரு பைக் இருந்தது. மனசு இருந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவார். எனக்கும் ஓட்டக் கற்றுக் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ வண்டி ஓட்டி எங்க போகப்போற?" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல், சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மாரடைப்பில் அவர் போன மறுவருஷம், எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, இரண்டு முறை விழுந்து ஒரு முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, ஓட்டக் கற்றேன். ஸ்கூட்டர் வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி வண்டியைச் சுற்றிக் காட்டினோம். அன்றைக்கே அதற்கு நெருப்பை நாங்கள்தான் பழக்கிவிட்டோமோ என்று பிற்பாடு யோசித்தேன்.

திருப்பூரில் இருக்கும் மகனுக்கு விஷயம் தெரிந்ததும் போன் வந்தது.

"யம்மா, பேசாம அத வித்துட்டு இங்க வந்துரு. இந்த வயசுல உனக்கு எதுக்கு வண்டி, வேல எல்லாம்?"

"எரியிற வண்டிய யாருடா வாங்குவா?"

"சொல்லாம வித்துரலாம்மா."

சொல்லாமல் விற்பதாம். இவனுக்கா சோறு போட்டு வளர்த்தேன் என்று இருந்தது. வாங்குகிறவள் வீட்டில் பிள்ளைகள் இருக்காதா? அதைவிட அவன் சொன்ன இன்னொரு பாதிதான் எனக்குப் பயம். வண்டி போனால் வேலை போகும், வேலை போனால் திருப்பூர். அங்கே போனால் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருகிற ஆள். இங்கே நான் யார் துணையும் இல்லாமல் போய் வருகிறவள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது? நான் குடியிருப்பது நெசவாளர் தெரு. வீட்டு ஓனரம்மா குடும்பம் முன்கட்டில், நான் பின்கட்டில். அவர்கள் தங்களுக்குள் பேசுவது கன்னடம், என்னிடம் தமிழ். முன்கட்டு பூராவும் தறி, தறியைச் சுற்றி நூல் கட்டு. மறைக்க மனசில்லாமல் மெசேஜைச் சொன்னேன். புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச நேரம் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். நடுவே 'பெங்கி, பெங்கி' என்று வந்தது. அது நெருப்பு என்று தெரியும் அளவுக்கு நான் அங்கே குடியிருந்துவிட்டேன்.

"தப்பா நெனச்சுக்கிறாதீக டீச்சர். இங்க பூராம் நூலு. ஒரு பொறி போதும்" என்றார் ஓனரம்மா. "நீங்க இருங்க. வண்டி மட்டும் வேணாம்."

பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறுத்துமிடத்துக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் கும்பிடு போட்டார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், பிள்ளைகள் இருக்கிற இடம் என்று சொல்லிக் காம்பவுண்டுக்கு வெளியே தனியாக நின்ற வேப்பமரத்தடியைக் காட்டினார். பகல் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ராத்திரிக்குத்தான் வழியில்லை. ஓனரம்மாவின் வீட்டுக்காரர் தறியிலிருந்து தலையைத் தூக்காமல், "எரிஞ்சாலும் பரவால்லன்னு இருக்கிற எடம் ஊருல ஒண்ணுதான் இருக்கு" என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் மறுநாள் அங்கே போய் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரரைத் தூக்கிப் போனபோது தெரு முக்கில் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். சங்குச் சத்தம் தேய்கிறவரை அங்கேயே நின்றேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஸ்கூட்டருக்காக அந்த முக்கைத் தாண்டினேன்.

உள்ளே போனால் ஆச்சரியம். யாரோ புண்ணியவான்கள் வைத்த புங்க மரங்கள் காடாக வளர்ந்து நின்றன. நாலு பக்கமும் திறந்த காத்திருப்புக் கொட்டகை. பக்கத்தில் வீடில்லை, வைக்கோல் படப்பில்லை. நிழல், குளிர்ச்சி, காற்று. கம்பெனிக்காரன் இந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மெசேஜ் எழுதினானோ என்று தோன்றியது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு இந்த ஊரில் கிடைக்காத சொகுசு.

காவலுக்கு இருந்தவர் என்னைவிடச் சின்னவர். கட்டிலில் படுத்துச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நிப்பாட்டுங்கக்கா. இங்க வாரவுக எல்லாரும் எரியத்தான் வாராக. உங்க வண்டியாவது சும்மா வந்து போகட்டும்."

மோட்டார் ரூம் வெளிச்சுவரில் ஒரு பிளக் இருந்தது. சார்ஜ் போடலாமா என்று தயங்கிக் கேட்டேன். "போடுங்க. பொணமா வந்து கரண்டு பில்லு கேக்கப்போகுது?" என்றார். நகராட்சிக்கு நான் செய்த ஒரே துரோகம் அதுதான். சார்ஜ் ஏறியதும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருவேன், காலையில் நடந்து போய் எடுத்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரே கவலை வெடி. எங்கள் ஊரில் சாவுக்கு வெடி போடாவிட்டால் செத்தவருக்கே மரியாதை இல்லை. பொறி பறந்து வண்டியில் விழுந்துவிட்டால்? அதனால் எவராவது வருகிற நாளில் முன்கூட்டியே போன் செய்துவிடுவார். "யக்கா, இன்னைக்குப் பெரிய எடத்துச் சாவு. வெடி ஜாஸ்தி இருக்கும். அடங்குனப்புறம் வாங்க." நான் திருச்சுழி ரோட்டு டீக்கடையில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் எரிந்து முடிவதற்காகக் காத்திருப்பேன்.

வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியது. நெருப்புப் பயம் தீர்ந்த ஓனரம்மாவுக்குத் தீட்டுப் பயம் வந்துவிட்டது. தினமும் சுடுகாட்டுக்குப் போய் வருகிறவளை எப்படி வாசல்படி ஏற்றுவது? அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். சாயங்காலமானால் வாசலில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் இருக்கும். காலில் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் வாளியை நிரப்பி வைப்பதை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை. போகப்போக, நான் தண்ணீர் ஊற்றும்போது தறிச் சத்தம் நிற்கும். ஜன்னல் வழியே ஓனரம்மாவின் தலை தெரியும்.

"இன்னைக்கு யாரு டீச்சர்?"

ஊர்ச் சாவு பூராவும் என் மூலமாகத்தான் அந்தத் தெருவுக்குத் தெரிய வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போகாவிட்டால் அவருக்குத்தான் பொழுது போகவில்லை.

கம்பெனிக்கு நான் போன் போடுவதும் நடந்தது. "உங்க பேரு வரிசையில இருக்கு மேடம்" என்றார்கள் ஆடியில். ஆவணியிலும் அப்படியே. கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே பார்ப்பேன். இங்கே எல்லாரும்தான் வரிசையில் இருக்கிறோம்.

எதிரே இருந்தது எரிமேடை. மொத்தமே ஒரு மேடைதான். ஆகவே என் வீட்டுக்காரரை வைத்ததும் அதில்தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் வாரம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்தேன். ஆனால் சார்ஜ் ஏறுகிறவரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமே, எவ்வளவு நேரம் புங்க மரத்தையே பார்ப்பது? ஒரு நாள் திரும்பி உட்கார்ந்தேன். முதலில் மனசுக்குள் திட்டினேன். பைக்கைத் தொட விடாததற்கு, மாத்திரையை ஒழுங்காகப் போடாததற்கு. அப்புறம் திட்ட விஷயம் குறைந்துபோனது. மகன் போன் செய்ததையும், முட்டை லோடு வராததையும், ஓனரம்மா வைத்த வாளியையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இருந்தபோது இவ்வளவு நேரம் நான் பேசி அவர் கேட்டதே கிடையாது.

ஐப்பசி மழை இறங்கிய பிறகு ஒருவழியாகப் பேட்டரி வந்தது. ஷோரூமில் வண்டியை விட்டதும் டீ குடித்து வருவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இனி எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார்கள். மகனுக்குப் போன் போட்டு, நான் திருப்பூர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஓனரம்மா நூல் கட்டுகளைத் தள்ளிவைத்து, பழைய இடத்தைப் பெருக்கிக் கோலமே போட்டிருந்தார். வாளியைக் காணோம்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து வந்தேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. மயானத்து வாசலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. காவல்காரர் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னக்கா, வண்டி திரும்பவும் கெட்டுப்போச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கொட்டகையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். மேடையைப் பார்த்து ஒரு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வண்டி ஓட்டி எங்க போகப்போறன்னு கேட்டீகள்ல? பாத்துக்கங்க. நாலு மாசமா உங்ககிட்டதான் வந்துக்கிட்டு இருக்கேன்."