கஜேந்திரன் இறங்கிய பள்ளம்

முட்டுக்காடு படகுத்துறைக் கம்பத்தில் இன்று காலை ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது, போட்டிருக்கும் ஈரச் சட்டையைக் காயவைப்பதுபோல. பேருந்து ஜன்னலோரம் நான் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து அம்மாள் தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நில அளவை வேலை எனக்குப் புதிது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பறவைகள் சரணாலய ஏரியின் மேடுபள்ளங்களைப் படமாக்க அனுப்பியிருந்தார்கள். கோடையில் வற்றிய ஏரி. பறவை எச்சமும் சேறும் கலந்த வாடை. அந்த வாடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதாலோ என்னவோ, இன்றும் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் எனக்கு அலுவலக ஞாபகம்தான். மழைக்கு முன் முடிக்காவிட்டால் ஏரி நிரம்பிவிடும், என் வேலையும் போய்விடும்.

கரையில் கருவியோடு நான். ஏரிக்குள் உயரமான அளவுகோலைப் பிடித்தபடி கஜேந்திரன் அண்ணன். கோவளத்துக்காரர், நல்ல உடம்பு. கோலில் நான் படிக்கும் எண் கூடினால் தரை தாழ்வு என்று கணக்கு. அன்று ஒரே இடத்தில், பார்க்கப் பார்க்க எண் கூடிக்கொண்டே போனது. கருவி கெட்டுவிட்டதென்று அதைத் திருகித் திருகிப் பார்த்தேன்.

"அண்ணா, ஆடாம நில்லுங்க!"

"நா எங்கமா ஆடறேன்? ஏரிதான் உள்ள இயுத்துகினு கீது!"

நிமிர்ந்தால், மனிதர் இடுப்பளவு சேற்றில். கோலை மட்டும் நேராகப் பிடித்திருந்தார். அதன் உச்சியில் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது. கோலைச் சாய்த்து ஊன்றி ஏறலாமென்று அவர் அசைத்ததும், கரையிலிருந்து காவலாளி ஏழுமலை கத்தினார்.

"பறவைய வெரட்டாத! கேஸாயிடும்!"

"அண்ணாத்த, நா முழுகிகினு கீறேன்!"

"மனுசன் நம்ம லிஸ்ட்ல இல்லபா!"

அப்படிச் சொன்னாலும் கயிற்றோடு முதலில் ஓடியவர் ஏழுமலைதான். இருவரும் சேர்ந்து இழுத்தோம். பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொளக்கென்று கஜேந்திரன் அண்ணன் வந்தார், கால்சட்டை வரவில்லை. கருவிக்கு நிழல் பிடிக்கும் பெரிய குடையை நான் தூக்கிப் போட்டேன்; அதை விரித்து, இடுப்புக்கு முன்னால் பிடித்தபடி மாப்பிள்ளை மாதிரி கரையேறினார்.

"நீ பின்னாடி வராதமா" என்றார்.

அன்றைய எண்களை வைத்து வரைந்த படத்தில் அந்த இடத்தில் கிணறுபோல ஒரு குழி விழுந்திருந்தது. "இது என்ன பள்ளம்?" என்று கேட்டார் அதிகாரி. "கஜேந்திரன், சார்" என்றேன். சிரித்து முடித்து, மறுபடி அளக்கச் சொன்னார். சேற்றில் பலகை போட்டு நின்று, மழைக்கு முன் எப்படியோ முடித்தோம்.

இப்போது டிரோன் ஒன்று மேலே சுற்றிவிட்டு வந்தால் போதும், ஏரி முழுக்கப் படத்தில் வந்துவிடுகிறது. யாரும் சேற்றில் இறங்குவதில்லை; நல்லதுதான். கஜேந்திரன் அண்ணன் கோவளத்தில் நாஸ்தா கடை வைத்துவிட்டார். வெயில் ஏறும் நேரத்தில் ஏரி நடுவிலிருந்து, கரைவரை கேட்கும்படி, "இன்னாமா, சாப்டலாமா?" என்று கத்தும் அவர் குரல்தான் இப்போது இல்லை.